கடைசி மேசை வாசகி

நாற்பத்தோராம் பக்கத்தில் வைத்த வெள்ளை நூலிழை வைத்தபடியே கிடந்தது. நேற்று சோதித்துப் பார்க்க அதை அங்கே வைத்த நூலகரே இரண்டு விரலால் எடுத்து மேசை விளக்கின் கீழே ஒரு கணம் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த புத்தகத்தைத் திறந்தார். அதிலும் இருந்தது. மூன்றாவதிலும் நான்காவதிலும் இருந்தது. கவுன்டருக்கு அந்தப் பக்கம் நின்றவள் தோள்பையின் வாயைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"நாலும் படிச்சாச்சா?"

"ஆச்சு மேடம்."

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு மேடம்."

நான்கில் ஒன்று மின்மோட்டார் பழுதுபார்ப்பது பற்றியது. இன்னொன்று தேனீ வளர்ப்பு, இரண்டாம் பாகம். முதல் பாகத்தை யாரும் எடுத்ததே இல்லை. கைக்கு எட்டின உயரத்தில் எந்தத் தட்டு இருக்கிறதோ அதிலிருந்து நான்கை உருவிக்கொண்டு போவாள், மறுநாள் கொண்டுவந்து தருவாள், மறுபடி நான்கை உருவுவாள். நூலகர் அவளுக்கு 'மூட்டை' என்று பெயர் வைத்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

பெயர் வைப்பது நூலகருக்குப் பழக்கம். முப்பது வருட வேலையில் அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சந்தோஷம் அது என்றுகூடச் சொல்லலாம். விரலை நாக்கில் தொட்டுத் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர் 'எச்சில்'. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் காலையில் வந்ததும் மரண அறிவிப்புப் பக்கத்தை மட்டும் உருவிக்கொண்டு, தனக்குத் தெரிந்தவர் யாரும் இல்லையென்றால் முகம் வாடிப் போவார். அவர் 'துக்கம்'. ஏசிக்காகவே வந்து, காலை நீட்டி, கைபேசியை மின்சாரத்தில் செருகிவிட்டு அரசியல் பேசுகிற மூன்று பேருக்கும் சேர்த்து 'மின்வாரியம்'. எழுதினவரின் தவறுகளைப் பேனாவால் ஓரத்தில் திருத்துகிற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவருக்கு வைத்த பெயரை நூலகர் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊரில் இருக்கிற படிப்பாளிகள் எல்லாம் இவ்வளவுதான் என்று அவர் எப்போதோ முடிவுக்கு வந்துவிட்டார். புத்தகம் வாங்கி வந்த அன்று எவ்வளவு அழகாக இருக்கிறது! இந்த ஜனங்கள் தொட்டால்தான் அது அழுக்காகிறது, கிழிகிறது, எண்ணெய் நாற்றம் அடிக்கிறது. அவரைக் கேட்டால் நூலகத்தில் வாசகர்களைத் தவிர மற்ற எல்லாமே ஒழுங்காகத்தான் இருந்தது.

அந்த அளவில் பார்த்தால் மூட்டையைப் போல நல்ல வாசகி கிடையாது. அவள் கொண்டுபோன புத்தகம் போன மாதிரியே திரும்பி வந்தது. மத்தியானம் மூன்று மணிக்கு வருவாள். சட்டப் புத்தகங்கள் அடுக்கிய உயரமான அலமாரிக்குப் பின்னால் கடைசி மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்வாள். ஒரு புத்தகத்தை விரித்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தலையைக் கொஞ்சம் குனிவாள். அவ்வளவுதான். ஐந்து மணி வரைக்கும் விரித்த பக்கம் புரளாது. குறட்டை இல்லை, வாய் பிளப்பது இல்லை, தலை சாய்வதுகூட இல்லை. நூலகத்தில் தூங்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்தது. தூங்குகிறவர்களின் மேசையில் மர ஸ்கேலால் 'டொக்' என்று அடித்து எழுப்புவதில் நூலகர் பாரபட்சம் பார்ப்பவர் இல்லை. மின்வாரியத்தில் ஒருவர் அந்தச் சத்தத்தில் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து விழுந்திருக்கிறார். ஆனால் கடைசி மேசையில் மட்டும் அவர் ஸ்கேலை அடித்ததில்லை. இரக்கமெல்லாம் ஒன்றுமில்லை. இவ்வளவு சுத்தமாகத் தூங்குகிற ஒருத்தியை எழுப்பி, அவள் விழித்துக்கொண்டு புத்தகத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டால் யாருக்கு நஷ்டம்?

அதோடு மூன்றிலிருந்து ஐந்து வரை நூலகருக்கும் தேவையான நேரம். கூட்டம் இருக்காது. அட்டெண்டர் கவுன்டரைப் பார்த்துக்கொள்வார். நூலகர் பின்னறையில் மைதாப் பசை காய்ச்சி, காடாத் துணியைக் கத்தரித்து, கிழிந்த புத்தகங்களுக்கு முதுகு ஒட்டுவார். வீட்டில் ஓய்வுபெற்ற கணவர் காலையிலிருந்து தொலைக்காட்சியோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பார். யாரும் பேசாத இரண்டு மணி நேரம் அவருக்கு உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது.

தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி கூப்பிட்டது அப்படி ஒரு மத்தியானத்தில்தான். ஃபோனை எடுத்தால் முதல் வார்த்தையே "ஒரு திட்டம் மேடம்" என்பதால் அவருக்கும் பெயர் 'திட்டம்'. பெரியவர்களுக்கு வண்ணம் தீட்டும் வகுப்பு அவர் திட்டம். அதற்கு நான்கு பேர் வந்து, ஒருவர் கிரேயானோடு வீட்டுக்குப் போய்விட்டார். எழுத்தாளரைச் சந்திப்போம் என்பதும் அவர் திட்டம். எழுத்தாளர் தன் குடும்பத்தார் ஏழு பேரோடு வந்தார், அவரைச் சந்திக்க அந்த ஏழு பேர்தான் இருந்தார்கள்.

"ஒரு திட்டம் மேடம். ஒவ்வொரு நூலகத்துலயும் இந்த வருஷத்தோட சிறந்த வாசகர். கம்ப்யூட்டரே தேர்ந்தெடுத்துடுச்சு. உங்க கிளைல ஒரு அம்மா, ஆயிரத்து நூத்தி நாலு புத்தகம்! மாவட்டத்துலயே முதல் இடம். நான் பாத்து அசந்துட்டேன்."

"சார், அவங்க படிக்கிறதில்ல."

"என்ன மேடம் இப்படிச் சொல்றீங்க?"

"எடுத்துட்டுப் போவாங்க, கொண்டு வருவாங்க. ஒருத்தி வருஷத்துக்கு ஆயிரத்து நூறு புத்தகம் படிச்சா அப்புறம் சாப்பிடறது எப்ப? குளிக்கிறது எப்ப?"

"எண்ணிக்கை சொல்லுதே மேடம். அடுத்த சனிக்கிழமை விழா. பத்திரிகைக்குச் சொல்லியாச்சு. குடும்பத்தோட வரச் சொல்லிடுங்க."

ஃபோனை வைத்துவிட்டு நூலகர் ஆறிப்போன பசையைக் கிளறினார். நிஜமாகவே படிக்கிற யாருக்கும் இந்தப் பரிசு கிடைக்க வழியே இல்லை என்பதை நினைத்தபோது அவருக்குக் கிட்டத்தட்டச் சிரிப்பு வந்தது. படிக்கிறவன் ஒரு புத்தகத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கொள்வான். படிக்காதவள்தான் தினமும் நான்கு எடுக்க முடியும்.

ஐந்து மணிக்கு மூட்டை கவுன்டருக்கு வந்தாள். கன்னத்தில் ஒரு சிவப்பும் கண்ணில் ஒரு தெளிவும் இருந்தது. நூலகர் விஷயத்தைச் சொன்னதும் இரண்டும் போய்விட்டது.

"வேணாம் மேடம்."

"நான் குடுக்கல. கம்ப்யூட்டர் குடுக்குது."

"வேற யாருக்காவது மாத்திடுங்க மேடம். பேப்பர்ல போட்டா வீட்டுல எல்லாரும் வருவாங்க. என்ன படிச்ச, எங்க உக்காந்து படிச்சன்னு கேப்பாங்க." அவள் குரல் தாழ்ந்தது. "நான் தூங்கத்தான் வரேன்."

"அது எனக்குத் தெரியாதாக்கும்! ஒரு வருஷமா பாத்துட்டுதான் இருக்கேன். தூங்கறதுக்கு உனக்கு நூலகம்தான் கிடைச்சுதா?"

அவள் பையைக் கீழே வைத்தாள். அவள் இவ்வளவு பேசி நூலகர் கேட்டதே இல்லை. மாமனார் படுத்த படுக்கையாகி இரண்டு வருடம். ராத்திரி அரை மணிக்கு ஒருமுறை கத்துவார். புரட்டிப் போட வேண்டும், துணி மாற்ற வேண்டும். மாமியாருக்கு இடுப்பு சரியில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவாள். கணவனும் கொழுந்தனும் வீட்டுக்குக் கீழேயே லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள். காலை எட்டுக்கு இரும்பைக் கடைய ஆரம்பித்தால் மேலே டம்ளர் அதிரும். "பகல்ல கொஞ்சம் படுத்தா, வீட்டுப் பொம்பளை பகல்ல படுத்தா விளங்குமான்னு அத்தை ஆரம்பிச்சிடுவாங்க. பூங்காவுல உக்காந்தா ஆம்பளைங்க சுத்திச் சுத்தி வராங்க. ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு வாரம் உக்காந்து பாத்தேன், டோக்கன் எங்கன்னு கேக்கறாங்க. இங்க மட்டும்தான் மேடம் யாரும் எதுவும் கேக்கல. புத்தகம் படிக்கப் போறேன்னா வீட்டுலயும் மறுத்துச் சொல்ல முடியல. அது ஏதோ நல்ல பழக்கம்னு நெனச்சிக்கிட்டாங்க."

"அதுக்காக நாலு புத்தகமா? ஒண்ணு எடுக்க வேண்டியதுதானே."

"ஒண்ணுன்னா தினமும் ஏன் போறன்னு கேப்பாங்க. நாலுன்னா கனமா இருக்கும், கேக்க மாட்டாங்க."

அந்தக் கணக்கு நூலகருக்கு முட்டாள்தனமாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது. "விழாவுக்கு நல்ல புடவையா கட்டிட்டு வா. மேடையில தூங்கிடாதே," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை குழந்தைகள் பிரிவின் குட்டி நாற்காலிகளையெல்லாம் ஒதுக்கி மேடை போட்டார்கள். மின்வாரியம் முன்வரிசையில் ஏசிக்கு நேர் கீழே இடம் பிடித்தது. துக்கம் கையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். மூட்டையின் வீட்டார் ஐந்து பேர் வந்திருந்தார்கள். கணவன் நகக்கண்ணில் இரும்புக் கறுப்போடு, மொடமொடப்பான சட்டையில், ஏதோ தானே ஆயிரம் புத்தகம் படித்ததுபோல நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் மாமியார்க்காரி. ஒல்லியான தேகம், எதையும் நம்பாத மூக்கு. வாசலிலேயே அட்டெண்டரிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"அடுப்புல பால வெச்சா பொங்கி வழிஞ்சதுக்கு அப்புறம்தான் வந்து நிப்பா. இவ ஆயிரம் புத்தகம் படிச்சாளாம். எனக்கென்னமோ உங்க மிஷின்ல கோளாறுன்னுதான் தோணுது."

"மிஷினு பொய் சொல்லாதும்மா," என்றார் அட்டெண்டர்.

"மிஷினு சொல்லாது. மனுஷங்க சொல்லுவாங்கல்ல?"

அதிகாரி நாற்பது நிமிடம் பேசினார். வாசிப்பு ஒரு தவம் என்றார், விளக்கு என்றார், சிறகு என்றார், கடைசியில் தோணி என்றும் சொன்னார். விளக்கோடும் சிறகோடும் தோணியில் போகிற ஒருவனை நினைத்துப் பார்த்து நூலகர் உதட்டைக் கடித்துக்கொண்டார். கேடயத்தைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்த பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, அதிகாரி மைக்கை மூட்டையின் வாய்க்கு நேராக நீட்டினார்.

"சொல்லுங்கம்மா. ஆயிரத்து நூத்தி நாலு புத்தகத்துல உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது எது? ஏன் பிடிச்சது?"

மாமியார்க்காரி கழுத்தை முன்னால் நீட்டினாள். மூட்டை வாயைத் திறந்தாள். தேனீ என்று சொல்லிவிடுவாளோ என்று நூலகர் பயந்தார். அவளோ மேடையின் ஓரத்தில் நின்ற நூலகரைத் திரும்பிப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வையாக இருந்திருந்தால் நூலகர் அசைந்திருக்க மாட்டார், கெஞ்சுகிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. இது, பிடிபட்டாயிற்று, இனி பரவாயில்லை என்கிற பார்வை. இன்றோடு தன் மத்தியானங்கள் முடிந்துபோயின என்று கணக்கு முடித்துவிட்டவளின் பார்வை.

நூலகர் போய் மைக்கை வாங்கினார்.

"மன்னிக்கணும் சார். ஒரு உறுப்பினர் என்ன படிக்கிறார்ங்கறதப் பொது இடத்துல கேக்கக் கூடாது. அது அவங்க சொந்த விஷயம். விதி இருக்கு."

"விதியா?" அதிகாரியின் புன்னகை ஓரத்தில் தொங்கியது.

"விதி பதினேழு. உட்பிரிவு இ."

"ஆ… ஆமா. பதினேழு. கரெக்ட். நானே சொல்லணும்னு இருந்தேன்," என்றார் அதிகாரி. கூட்டத்தைப் பார்த்து, "நம்ம நூலகத்தோட பெருமையே இதுதான்," என்று கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். விதி பதினேழு, ஈரக் குடைகளை வாசலிலேயே வைக்க வேண்டும் என்பது. அதற்கு உட்பிரிவே கிடையாது. பத்து வருடமாக இந்த இலாகாவைத் தலையில் தாங்குவதாகச் சொல்லிக்கொள்கிற மனிதர் அந்த ஒற்றை விதிப் புத்தகத்தையாவது திறந்து பார்த்திருக்கலாம்.

மாமியார்க்காரி மட்டும் கை தட்டவில்லை.

திங்கட்கிழமை காலை நூலகம் திறந்ததும் அவள் தனியாக வந்து கவுன்டரில் நின்றாள். "எனக்கும் ஒரு கார்டு போடுங்க."

"படிப்பீங்களா?"

"எழுத்துக் கூட்டிப் படிப்பேன். அவ ஆயிரம் படிக்கறப்ப நான் பத்து படிக்கக் கூடாதா?" அவள் கண்கள் கூடத்தை அளந்தன. "ஊர்ல இருந்து பொண்ணு வந்திருக்கா. அவ அப்பாவப் பாத்துப்பா. இனிமே மத்தியானம் மருமக கூட நானும் வந்து பக்கத்துல உக்காரலாம்னு இருக்கேன். தெனமும் ரெண்டு மணி நேரம் அப்படி என்னதான் இருக்கு, யார்தான் இருக்கான்னு நானும் பாக்கணுமில்ல?"

'யார்' என்ற சொல்லை அவள் லேசாக அழுத்தினாள். நூலகருக்குப் புரிந்தது. சந்தேகம் என்றால் இந்தச் சந்தேகமா! அந்தப் பெண்ணுக்கு ஒருத்தனைப் பார்த்துச் சிரிக்கிற அளவுக்குக்கூட இமையைத் திறந்து வைக்கத் தெம்பு கிடையாது. 'உன் மருமகள் தூங்குகிறாள், போ' என்று சொன்னால் சந்தேகம் ஒரு நொடியில் தீர்ந்துவிடும். அதோடு தூக்கமும் தீர்ந்துவிடும். ஊரார் முன்னால் வீட்டு மானத்தை விரித்துப் போட்டுப் படுத்தாள் என்பார்கள், அப்புறம் வாசல்படி தாண்ட விடமாட்டார்கள்.

"புது உறுப்பினருக்கு முதல்ல பயிற்சி வகுப்பு இருக்கு," என்று நூலகர் தன் வாய் சொல்வதைத் தானே கேட்டார். "பத்து நாள். மூணு மணிலேருந்து அஞ்சு மணி வரைக்கும். அது முடிஞ்சாதான் கூடத்துல உக்கார விடுவோம்."

"வகுப்பா? யாரு எடுப்பா?"

"நான்தான்."

பக்கத்தில் முத்திரை குத்திக்கொண்டிருந்த அட்டெண்டரின் கை அந்தரத்தில் நின்றது. மாமியார்க்காரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும், "நமக்கு அப்படி ஒரு வகுப்பே கிடையாதே மேடம்," என்றார்.

"இன்னிக்கிலேருந்து இருக்கு."

"அப்போ ஒட்டற வேலை?"

"உங்க வேலையப் பாருங்க," என்று நூலகர் எரிந்து விழுந்தார். தன் மேலேயே அவருக்கு அத்தனை எரிச்சல். யாரோ ஒருத்தியின் தூக்கத்துக்காக, வேறு ஒருத்தியின் வாயை இரண்டு மணி நேரம் கட்ட வேண்டும். அந்த இரண்டு மணி நேரமும் தன்னுடையது.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். மூட்டை முகம் வெளுத்து, கையில் நான்கு புத்தகத்தோடு நின்றாள். நூலகர் அவளைப் பார்க்காமலே, "உன் இடத்துக்குப் போ," என்றார். மாமியார்க்காரியைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். அன்று பசை காய்ச்சவில்லை. மேசை துடைத்து வைத்ததுபோல வெறுமையாக இருந்தது. பேசுவதற்கு ஒன்றும் தோன்றாததால் அவர் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்குகிற எண்களிலிருந்து ஆரம்பித்தார். நூறில் தத்துவம். இருநூறில் சமயம். முந்நூறில் சமுதாயம்.

"குடும்பம் எந்த நம்பர்ல வரும்?" என்று கேட்டாள் மாமியார்க்காரி.

"குடும்ப உறவுன்னா முந்நூறுல. வீட்டு நிர்வாகம்னா அறுநூறுல."

"ஒரே குடும்பத்த ரெண்டு இடத்துல வெச்சா எப்படித் தேடறது?"

"தேடறவங்களுக்குக் கிடைக்கும்."

"எங்க வீட்டுக்கு எந்த நம்பர் குடுப்பீங்க? கீழ லேத், மேல நோயாளி, நடுவுல படிப்பாளி." தன் நகைச்சுவையைத் தானே ரசித்து அவள் மூக்கால் சிரித்தாள். வாயாடி, ஆனால் மண்டை காலியில்லை என்று நூலகர் வேண்டாவெறுப்பாகக் குறித்துக்கொண்டார். அன்று ஐநூறு வரைக்கும் போனார்கள். மறுநாள் எண்ணூறு. மூன்றாம் நாள் சொல்லிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லாமல், முதல் நாள் சொன்னதையே வேறு குரலில் சொன்னார்.

நான்காம் நாள் மாமியார்க்காரி நாற்காலியை மாற்றிப் போட்டு உட்கார்ந்தாள், இடுப்பு வலிக்கிறதாம். நூலகர் கரும்பலகைக்குப் பதிலாகச் சுவர்க் காலண்டரின் பின்பக்கத்தில் எண்களை எழுதிக்கொண்டே, "விலங்குகள் ஐநூத்தித் தொண்ணூறு," என்று சொல்லித் திரும்பினார். எதிரில் இருந்தவளின் கண்கள் அவர் மேல் இல்லை. பின்னறைக் கதவின் மேல்பாதி கண்ணாடி. கூடத்திலிருந்து உள்ளே தெரியாதிருக்க எந்தக் காலத்திலோ ஒட்டின அறிவிப்புத் தாள் ஒன்று அதை முழுக்க மறைத்திருந்தது. டேப் காய்ந்து தாளின் மேல்மூலை சுருண்டு தொங்கியது. அந்த முக்கோணத்துக்குள் சட்டப் புத்தக அலமாரியின் விளிம்பு தெரிந்தது, அதற்கு அப்பால் கடைசி மேசை, குனிந்த தலை, விரித்த புத்தகம்.

மாமியார்க்காரி எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாள் என்று தெரியவில்லை. நூலகர் நிறுத்தாமல் பேசினார். பாலூட்டிகள் என்றார், பறவைகள் என்றார், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே ஊர்வனவற்றுக்கு வந்தார். அந்தப் பக்கம் புத்தகத்தின் தாள் திரும்பவில்லை. ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், திரும்பவில்லை. மூட்டையின் தோள்கள் மட்டும் ஒரே சீராக எழுந்து தாழ்ந்தன. குழந்தை வளர்த்த எவளுக்கும் அந்த மூச்சு என்னவென்று தெரியும்.

மாமியார்க்காரி மேசையில் கையூன்றி எழுந்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் போனாள். நூலகர் வழியை மறிக்கலாமா என்று நினைத்தார். கைப்பிடிக்கு நேராகப் போன அந்தக் கை, கைப்பிடியைத் தொடாமல் மேலே ஏறியது. சுருண்டு தொங்கிய மூலையை நிமிர்த்திக் கண்ணாடியோடு வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியது. விரலை எடுத்ததும் தாள் மறுபடி சுருண்டது. அவள் மறுபடி அழுத்தினாள், இந்த முறை எடுக்கவில்லை.

"மேல சொல்லுங்க," என்றாள், திரும்பாமல்.

நூலகர் காலண்டர் பக்கம் திரும்பினார். "அறுநூறு," என்று ஆரம்பித்தார்.

"கொஞ்சம் மெதுவா."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். மின்விசிறிக் காற்றில் தாளின் இன்னொரு மூலையும் டேப்பை விட்டு மெல்ல உரிந்து வந்தது. மாமியார்க்காரி அதைப் பார்த்துவிட்டு, இடுப்பை விட்டுவிட்டு, மற்றொரு கையையும் தூக்கினாள்.